கிணற்றடியில் தொடங்கும் சூழல் காப்பு

கற்பிட்டிக் குடாநாட்டில் கிணறு வெட்டுவது பெரிய வேலையன்று. தோண்டுவது மணலைத்தான். பல இடங்களில் பத்துப் பன்னிரண்டு அடி இறங்கினாலே தண்ணீர் ஊறிவிடும். ஒரு பக்கம் கடல், மறு பக்கம் புத்தளம் களப்பு. இரண்டுக்கும் நடுவே சில கிலோமீற்றர் அகலமே உள்ள மணல் திட்டு. அதற்குள் ஆறு எதுவும் ஓடவில்லை. ஆண்டில் பாதிக்கு மேல் வெயில் காயும் வறண்ட வலயத்து மண். அப்படிப்பட்ட இடத்தில், கடலலைச் சத்தம் கேட்கும் தூரத்தில், வாயில் வைத்தால் இனிக்கும் தண்ணீர் கிடைக்கிறது. ஒக்டோபர் முதல் பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, அடியில் கிடக்கும் உப்பு நீரின் மேல் மிதந்து நிற்பதே அந்தத் தண்ணீர்.

கடல் நீரைவிட மழை நீர் சற்று இலேசானது. ஆயிரம் பங்குக்கு ஏறத்தாழ இருபத்தைந்து பங்குதான் வித்தியாசம். ஓர் ஊரின் குடிநீர் முழுவதும் இந்தச் சின்ன வித்தியாசத்தில்தான் தங்கியிருக்கிறது. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஒல்லாந்தப் பொறியியலாளர் கைபனும், 1901இல் ஜேர்மனியரான ஹேர்ஸ்பேர்க்கும் தனித்தனியே கண்டறிந்த கணக்கு இது: நல்ல நீர் கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நின்றால், கடல் மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடிக்கு நல்ல நீர் இருக்கும். செலவுக்கும் அதே கணக்குத்தான். மேலே ஓர் அடி குறைந்தால், கீழே உப்பு நீர் காலப்போக்கில் 40 அடி ஏறிவர இடமுண்டு. இது ஏட்டுக் கணக்கு. நிலத்துக்கு நிலம் கூடும், குறையும். ஆனால் போகும் திசை மாறாது.

வாளியும் துலாவும் இருந்த காலத்தில் கிணற்றுக்கு ஓய்வு கிடைத்தது. விடியலில் இறைத்தால் மதியத்துக்குள் ஊறிவிடும். மின்மோட்டார் ஒரே மூச்சில் உறிஞ்சும்போது, குழாய் வாய்க்கு நேர் கீழே இருக்கும் உப்பு நீர் கூம்பு போல மேலெழுகிறது. முதலில் தேநீரின் சுவை மாறும். பிறகு சவர்க்காரம் நுரைக்காமல் போகும். வீட்டுக்காரர் ‘தண்ணி சவராப் போச்சு’ என்று சொல்லும் நாளில் கீழே நடக்க வேண்டியது பெரும்பாலும் நடந்து முடிந்திருக்கும். ஏறிய உப்பு இறங்குவதற்கு ஒரு மாரி போதாது.

வீட்டளவில் சூழலைக் காப்பது என்றால் துணிப்பையோடு கடைக்குப் போவது, வைக்கோல் நிறக் காகிதத்தில் பொதி செய்த பொருளை வாங்குவது என்றே பல இடங்களில் பேச்சு நடக்கிறது. நகரத்தில் அது பொருந்தலாம். புத்தளம் கரையில் அந்தப் பேச்சு தலைகீழாகத் தொடங்குகிறது. இங்கே முற்றத்தில் ஊற்றியது கிணற்றில் ஊறும். மணலுக்கு மறைக்கத் தெரியாது, வடிகட்டும் பொறுமையும் அதற்குக் குறைவு. ஆகவே இங்கு ஒரு வீடு பசுமையானதா என்பதை அதன் கிணற்று நீர்தான் சொல்ல வேண்டும்.

அந்த நீரில் நைத்திரேற்று கூடியிருப்பதை 1980களிலிருந்தே ஆய்வுகள் சொல்லிவருகின்றன. கற்பிட்டி மணலில் வெங்காயம், மிளகாய், புகையிலை, பீற்றூட், கோவா எல்லாம் விளைகின்றன. தீவின் சந்தைகளுக்கு ஆண்டு முழுவதும் மரக்கறி அனுப்பும் மண் அது. ஆனால் மணல் எதையும் பிடித்து வைக்காது. ஒரு நாளில் இரண்டு வேளை தண்ணீர் பாய்ச்ச வேண்டும், அடிக்கடி பசளை போட வேண்டும். போட்டதில் ஒரு பங்கைச் செடி எடுக்கும், மற்றது தண்ணீரோடு கீழே போகும். உலகச் சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டலும் இலங்கையின் குடிநீர்த் தரமும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றை எல்லையாக வைத்திருக்கின்றன. 50 கிலோ யூரியா மூடை ஒன்றில் 23 கிலோ நைதரசன் உண்டு. அதில் பாதி மணலுக்குள் இறங்கி நைத்திரேற்றாக மாறினால் ஏறத்தாழ 51 கிலோ. தூய்மையான பத்து இலட்சம் லீற்றர் தண்ணீரை அந்த எல்லைக்குக் கொண்டுவர இது போதும். ஒரு மூடையில் பாதி, பத்து இலட்சம் லீற்றர்.

நைத்திரேற்றுக்கு நிறமில்லை, மணமில்லை, சுவையில்லை. தண்ணீரைக் கொதிக்க வைத்தால் எல்லாம் சரி என்ற நம்பிக்கை இதற்குச் செல்லாது. கொதித்தால் கிருமி சாகும். நைத்திரேற்று அப்படியே இருக்கும். தண்ணீர் ஆவியாகிக் குறைவதால் அதன் செறிவு சற்றுக் கூடவும் செய்யும். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்குப் புட்டிப் பால் கரைக்க இந்தத் தண்ணீரைப் பயன்படுத்தினால், இரத்தம் உயிர்வளியைச் சுமக்கும் திறன் குறைந்து உடல் நீலம் பாரிக்கும் ஆபத்து இருக்கிறது. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் பிள்ளைக்கு இந்த ஆபத்து அநேகமாக இல்லை. புத்தளம் கரையில் தாய்ப்பால் ஊட்டுவதும் ஒரு சூழல் பாதுகாப்புத்தான் என்று சொல்வது மிகையாகாது.

பழி முழுவதையும் தோட்டக்காரர் மேல் போட்டுவிட முடியாது. மனிதக் கழிவிலும் நைதரசன் இருக்கிறது. ஆளுக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 3 முதல் 4 கிலோ வரை. ஐந்து பேர் உள்ள குடும்பத்தின் மலசலகூடம் ஆண்டுக்கு ஒரு யூரியா மூடைக்குச் சற்றே குறைந்த அளவை மணலுக்குள் இறக்குகிறது. தோட்டத்துக்குப் போகும் மூடைகளோடு ஒப்பிட்டால் இது சிறிது. ஆனால் தோட்டம் வயல்வெளியில் இருக்கிறது, மலக்குழியோ கிணற்றுக்கு எட்டும் தூரத்தில் இருக்கிறது. அதனோடு கிருமிகளும் போகின்றன. கிணற்றுக்கும் குழிக்கும் 50 அடி இடைவெளி வேண்டும் என்பது சுகாதார உத்தியோகத்தர்கள் வழக்கமாகச் சொல்லும் கணக்கு. பத்துப் பேர்ச் காணியில் தன் கிணற்றுக்கும் தன் குழிக்கும் 50 அடி விட்டாலும், வேலிக்கு அப்பால் அடுத்த வீட்டுக் குழி பதினைந்து அடியில் இருக்கும். மாரியில் நீர்மட்டம் ஏறும்போது குழியின் அடியே தண்ணீருக்குள் நிற்கும். அப்போது இடைவெளி என்ற சொல்லுக்கே பொருளில்லை.

இந்த நெருக்கம் வந்த வரலாற்றை மறந்துவிட்டு இதைப் பேசக்கூடாது. 1990 ஒக்டோபரில் வடமாகாணத்திலிருந்து விடுதலைப் புலிகளால் வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளம் மாவட்டத்துக்கு வந்தார்கள். கற்பிட்டி, ஆலங்குடா, தில்லையடி என்று கிடைத்த நிலத்தில் கிடுகுக் கொட்டில் போட்டார்கள். ஊர்க்காரர் தம் கிணறுகளைத் திறந்துவிட்டார்கள். ஒரு குடும்பத்துக்கென வெட்டிய கிணற்றில் பல குடும்பங்கள் அள்ளின. இருந்த சிறு இடத்தில் எங்கே குழி வெட்ட முடிந்ததோ அங்கே வெட்டினார்கள். அவர்கள் செய்ததில் குற்றம் எதுவும் இல்லை. அகதிக்கு இடம் கொடுத்த மண், அந்தப் பாரத்தைத் தன் நீரில் இன்னமும் சுமக்கிறது என்பதே உண்மை. அந்த நீரைச் சீர்செய்யும் பொறுப்பு நாட்டுக்கே உண்டு. ஊர் மட்டும் தனியே சுமக்க வேண்டியதன்று.

வீட்டால் ஆகக்கூடியவை பலவும் கிணற்றைச் சுற்றிய பத்தடிக்குள்ளேயே கிடக்கின்றன. கிணற்றுக்கட்டில் ஒரு வெடிப்பு இருந்தால், அதன் மேல் நின்று குளித்த தண்ணீரும் துணி துவைத்த தண்ணீரும் அந்த வெடிப்பு வழியே திரும்பக் கிணற்றுக்குள் இறங்கும். அரைப் பை சீமெந்தில் அடைத்துவிடலாம். கட்டைச் சுற்றி ஒரு வாய்க்கால் வைத்து, அழுக்கு நீரை முப்பதடி தள்ளி வாழைக்கோ தென்னைக்கோ விட்டால் அதில் உள்ள நைதரசனையும் மரம் எடுத்துக்கொள்ளும். மலசலகூடத்துக்கு அடி திறந்த குழிக்குப் பதில் அடியும் சுவரும் பூசிய தொட்டி கட்டுவது செலவுதான். செலவுக்கேற்ற பலன் உண்டு: கசடு தங்கும், கிருமி குறையும். நைதரசன் மட்டும் தொட்டியிலிருந்து வழியும் நீரோடு வெளியேறும். அந்த நீரை மண்மட்டத்துக்கு மேல் உயர்த்திய பாத்தியில் விட்டு, அதன் மேல் வாழை, கல்வாழை போன்ற பசியுள்ள செடிகளை வைத்தால் கிணற்றுக்குப் போகும் பங்கு குறையும். கிணற்று நீரை ஆண்டுக்கு ஒரு முறையாவது சோதிப்பதும் இதில் சேரும். தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையின் ஆய்வுகூடங்கள் இருக்கின்றன. பிரதேசத்தின் பொதுச் சுகாதாரப் பரிசோதகரைக் கேட்டால் வழி சொல்வார்.

வீட்டுத் தோட்டத்துக்குப் பசளையே வேண்டாம் என்று ஒரே நாளில் சொல்லிவிடுவதால் எதுவும் நடக்காது. 2021 மே மாதத்தில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரெனத் தடைசெய்து, விளைச்சல் விழவே, அதே ஆண்டு நவம்பரில் பின்வாங்கியது. நல்ல எண்ணத்தை எப்படிக் கெடுக்கலாம் என்பதற்கு அது போன்ற பாடம் வேறில்லை. மணலுக்கு வேண்டியது, ஈரத்தையும் சத்தையும் பிடித்து வைக்கும் ஏதோ ஒன்று. அது இந்த மாவட்டத்தில் கொட்டிக் கிடக்கிறது. தென்னை முக்கோணத்தின் ஒரு மூலை புத்தளம் மாவட்டம். தென்னை ஆராய்ச்சி நிறுவகமும் இதே மாவட்டத்தின் லுணுவிலயில்தான் இருக்கிறது. தென்னையைச் சுற்றிக் குழி வெட்டி, தேங்காய் மட்டைகளை உட்பக்கம் மேலே பார்க்க அடுக்கி, மண் போட்டு மூடும் முறையை அந்த நிறுவகம் நெடுங்காலமாகப் பரிந்துரைத்துவருகிறது. மட்டை தன் எடையைப் போலப் பல மடங்கு நீரைப் பிடித்து வைத்துக் கோடையில் வேருக்குக் கொடுக்கும். மிளகாய்ப் பாத்திக்குத் தும்புத்தூளும் ஆட்டெருவும் கலந்து போட்டு, மேலே காய்ந்த ஓலையைப் பரப்பினால் இரண்டு வேளைத் தண்ணீர் ஒரு வேளையாகும். யூரியா போட்டே ஆக வேண்டுமானால், ஒரேயடியாகக் கொட்டாமல் சிறுகச் சிறுகப் பல தடவையாகப் போடுவது செடிக்கும் நல்லது, கிணற்றுக்கும் நல்லது.

குப்பை இந்த மாவட்டத்துக்குப் பட்ட காயம். 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு நாளன்று கொழும்பு மீதொட்டமுல்லையில் குப்பை மலை சரிந்து 30க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு கொழும்பின் குப்பையை ஏறத்தாழ 170 கிலோமீற்றர் தூரம் ரயிலில் ஏற்றி, வண்ணாத்திவில்லுப் பக்கம் அருவக்காட்டில், சீமெந்துக்குச் சுண்ணக்கல் வெட்டிய பள்ளங்களில் நிரப்பும் திட்டம் வேகமெடுத்தது. பக்கத்தில் வில்பத்து, கலா ஓயா முகத்துவாரம், களப்பு. 2018, 2019 ஆண்டுகளில் ‘கிளீன் புத்தளம்’ என்ற பெயரில் மக்கள் வீதிக்கு வந்தார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் ஒன்றாக நின்ற போராட்டம் அது. நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் தூசும் சீமெந்துத் தொழிற்சாலையின் தூசும் போதாதென்று கொழும்பின் குப்பையுமா என்ற அவர்கள் கேள்வியில் முழு நியாயம் இருந்தது.

அந்த நியாயத்தை வலுவாக்குவது வீட்டுக் குசினி. இலங்கையில் சேரும் குப்பையில் பாதிக்கு மேல் அழுகக்கூடியது: மரக்கறித் தோல், சோறு, மீன் கழிவு, இலை. அதை வீட்டிலேயே மண்ணாக்கிவிட்டால் வண்டியில் ஏற்ற மிஞ்சுவது பாதிக்கும் குறைவு. மிஞ்சுவது நாறுவதும் இல்லை. கரையோர வீடுகளில் கொம்போஸ்ட் தொட்டியைக் கெடுப்பது மீன் கழிவுதான். செதிலும் குடலும் தொட்டிக்குள் விழுந்தால் புழுவும் நாயும் காகமும் வரும். மூன்றாம் நாள் வீட்டார் தொட்டியையே கைவிட்டுவிடுவார்கள். மீன் கழிவைத் தனியே எடுத்து, தென்னையடியில் ஒன்றரை அடி ஆழத்தில், கிணற்றிலிருந்து விலகி, மேலே ஒரு பிடி சாம்பலோ தும்புத்தூளோ போட்டுப் புதைத்தால் அந்தத் தொல்லை இல்லை. மீனவ வீடுகளின் பழைய வழக்கம்தான் இது.

வேலி மூலையில் பொலித்தீனைக் கொளுத்துவதைப் போலக் கெட்ட பழக்கம் வேறில்லை. புகை அந்த வீட்டுப் பிள்ளையின் நெஞ்சுக்குள் போகிறது, சாம்பல் அதே மணலில் இறங்குகிறது. சட்டம் தன் பங்குக்குச் சில கதவுகளை மூடியிருக்கிறது: 2017 செப்டெம்பரில் லஞ்சீற்றும் ரெஜிபோம் உணவுப் பெட்டியும், 2021இல் சிறு சஷேப் பைகளும், 2023இல் பிளாஸ்டிக் உறிஞ்சுகுழாய், கரண்டி, தட்டு முதலியவையும் தடைசெய்யப்பட்டன. இடியப்பத் தட்டும் அந்தப் பட்டியலில் உண்டு. பிரம்பு இடியப்பத் தட்டு பின்னத் தெரிந்த கைகளுக்கு அது நல்ல செய்தி. பனையோலைக் கூடையும் கற்பிட்டிக்கு அந்நியமன்று. ஆனால் எல்லாப் பிளாஸ்டிக்கும் வீட்டிலிருந்து வருவதன்று. 2021 மே 20இல் கொழும்புக்கு அப்பால் தீப்பற்றிய எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலிலிருந்து ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் கடலில் கலந்து, நீர்கொழும்பு முதல் புத்தளம் கரை வரை ஒதுங்கின. அதை எந்த வீடும் தடுத்திருக்க முடியாது. சூழலின் சுமை முழுவதையும் குடும்பத் தலைவியின் கூடைக்குள் வைத்துவிடக் கூடாது என்பதற்கு அந்த வெள்ளை மணிகளே சாட்சி.

அடுப்பு களப்போடு சேர்ந்த விடயம். 2022இல் எரிவாயுத் தட்டுப்பாட்டில் நாடே விறகுக்குத் திரும்பியது. விறகு எரிப்பது தவறன்று; எந்த விறகு, எந்த அடுப்பு என்பதே கேள்வி. சிரட்டையும் மட்டையும் பாளையும் வீட்டிலேயே விழுகின்றன. மூன்று கல்லுக்குப் பதில் களிமண்ணால் செய்த இரட்டை வாய் ‘அனகி’ அடுப்பு குறைந்த விறகில் இரண்டு சட்டியைச் சூடாக்கும். வெட்டக் கூடாதது களப்போரத்துக் கண்டல். இறால் பண்ணைகளுக்காக 1980களிலிருந்து சிலாபம், முந்தல், புத்தளம் வழியே ஏராளமான கண்டல் அழிக்கப்பட்டது. 1996இல் வெண்புள்ளி நோய் வந்து பண்ணைகள் பல கைவிடப்பட, வெறும் குளங்கள் மிஞ்சின. 2015இல் சிலாபத்தைத் தளமாகக் கொண்ட சுதீச அமைப்பும் சீக்கோலஜி என்ற தொண்டு நிறுவனமும் அரசும் சேர்ந்து, கண்டலைக் காக்கும் ஊர்ப் பெண்களுக்குச் சிறுகடனும் தொழிற்பயிற்சியும் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கின. நட்டால் போதும் என்பது மட்டும் தவறான எண்ணம். நாடு முழுவதும் நட்ட கண்டலில் பெரும்பகுதி பிழைக்கவில்லை என்று 2017இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. நட்ட இடம் பிழை, இனம் பிழை, பின்னர் எட்டிப் பார்க்க ஆளில்லை. நிற்கும் கண்டலை வெட்டாமல் விடுவது, நூறு கன்று நட்டுப் படம் எடுப்பதைவிடப் பெரிய காரியம்.

மின்சாரம் நுரைச்சோலையில் பிறக்கிறது. 2011இல் ஓர் அலகோடு தொடங்கி 2014இல் மூன்று அலகாகி 900 மெகாவாற்றை எட்டிய லக்விஜய அனல்மின் நிலையம் நாட்டின் மின்சாரத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கைத் தருகிறது. ஒளி தீவு முழுவதற்கும் போகிறது. நிலக்கரித் தூசும் சாம்பலும் தென்மேல் காற்றோடு சுற்றுப்புற வீடுகளின் கூரைக்கும் தோட்டத்துக்கும் வருகின்றன. கொழும்பில் அணைக்கும் ஒரு விளக்கு புத்தளத்துக்குச் செய்யும் உதவி என்பதை அங்கே உள்ளவர்களும் அறிய வேண்டும். அதே காற்றில் 2010 முதல் மாம்புரியிலும் விடத்தமுனைப் பக்கமும் காற்றாலைகள் சுழல்கின்றன; 2016இல் தொடங்கிய சூரிய சக்தித் திட்டத்தால் கூரைகளிலும் தகடுகள் ஏறின. 2025 ஏப்ரல் புத்தாண்டு விடுமுறையில், பகலில் மின்தேவை மிகக் குறைந்ததால், கூரைத் தகடுகளைப் பகலில் நிறுத்திவைக்கும்படி மின்சார சபையே கேட்கும் நிலை வந்தது. ஆகவே தோய்ப்பது, இஸ்திரி போடுவது, தண்ணீர் இறைப்பது ஆகியவற்றை இரவிலிருந்து பகலுக்கு மாற்றுவதே பயனுள்ள வேலை. சூரிய ஒளியில் மெதுவாக ஓடும் சிறு மோட்டார் நாள் முழுவதும் கொஞ்சம் கொஞ்சமாக இறைத்துத் தாங்கியை நிரப்பும். கிணற்றடி உப்பைக் கிளப்பாமல் இறைக்கும் முறையும் அதுவே.

கடைசியில் மழை. புத்தளத்தில் ஆண்டுக்கு ஏறத்தாழ 1,100 மில்லிமீற்றர் பெய்கிறது. 50 சதுர மீற்றர் கூரையில் விழுவது 55,000 லீற்றர். சிந்துவது, ஆவியாவது போக ஐந்தில் நான்கு பங்கு பிடித்தாலும் 44,000 லீற்றர். இந்தத் தண்ணீரில் யூரியா இல்லை, மலக்குழி இல்லை, உப்பும் அநேகமாக இல்லை. இரும்புவலைச் சீமெந்தில் பூசணிக்காய் வடிவில் கட்டும் 8,000 லீற்றர்த் தாங்கி ஒன்று, ஐந்து பேர் குடிக்கவும் சமைக்கவும் நாளொன்றுக்கு 40 லீற்றர் வீதம் எடுத்தால் 200 நாள் வரும். முதல் மழையைக் கூரை கழுவ விட்டுவிட வேண்டும், தாங்கியின் வாயை நுளம்பு புகாதபடி வலையிட்டு மூட வேண்டும், நிலக்கரித் தூசு படியும் ஊர்களில் கூரையை மாரிக்கு முன் நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும், குடிக்குமுன் கொதிக்க வைக்க வேண்டும். தாங்கி நிரம்பி வழிவதைக் கிணற்றடி மணலுக்கு விட்டால் மிதக்கும் நல்ல நீரும் தடிக்கும். தாங்கி கட்டப் பணம் இல்லாத வீட்டுக்குப் பிரதேச சபையும் நீர்வழங்கல் சபையும் கைகொடுக்க வேண்டும். நீண்ட குழாய்த் திட்டங்களுக்குச் செலவிடுவதில் ஒரு சிறு பங்கு இதற்குப் போதும். மாரி மழை ஒக்டோபரில் தொடங்கிவிடும். கூரைப் பீலியை அதற்கு முன் மாட்டிவிடுங்கள்.